வத்துத் தண்ணி

முதல்ல அந்த ஒபீஸ் சப்பாத்தைக் கழட்டும்.
இந்தச் சேறு வாங்கினதைத் திருப்பித் தாற சேறில்லை.
பழைய கன்வஸ் ஒரு சோடி கொண்டந்திருக்கிறன்,
பெருவிரலில ஓட்டை, பரவாயில்லை,
மட்டி வெட்டாட்டிக் காணும்.

காலைத் தூக்கி வைக்காதையும், நிலக்சன்.
அரைச்சு அரைச்சு நடவும்,
சாமி காவுற ஆக்கள் நடக்கிற மாதிரி.
சேத்துக்குள்ள திருக்கை படுத்திருக்கும்.
அசுமாத்தம் கேட்டால் அது தானா எழும்பிப் போகும்.
மிதிச்சீரெண்டால்
நீர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்.

நாள் பார்க்கிறது சுகம்:
நிலவில்லாத நாள். இண்டைக்கு மாதிரி.
நேரந்தான் கஷ்டம்.
பெருக்கில வாறவன் வெறும் உமலோட போவான்.
தண்ணி வத்தத் தொடங்கவேணும்.
இந்த நாவற்குழிப் பாலத்துத் தூணில
பாசி எந்தப் பக்கம் சாயுது எண்டு பாரும்,
கொழும்புத்துறைப் பக்கமெண்டால்
அப்ப வலையை எடும்.

வீச்சு வலையைத் தொடாதையும்.
பல்லில கடிச்சுச் சுழட்டி எறியவேணும்,
முதல்நாள் எறியிறவன்
பல்லையும் சேர்த்து எறிவான்.
அத்தாங்கு காணும் உமக்கு.

சோழகம் பேய் மாதிரி அடிக்கிற நாளில வராதையும்.
தண்ணி கலங்கினால் கண் தெரியாது.
உம்மட கண்ணில்லை,
றாலின்ர கண்.

அதுதான் வேலையே. நெத்தி லைட்டைப் பதிச்சுப் பிடியும்.
வெள்ளையா மின்னினால் சிப்பி,
அல்லது ஆரோ உடைச்ச பியர்ப் போத்தில்.
சிவப்பா, ரெண்டு,
ஊதுபத்தி நுனி மாதிரி
அசையாமல் உம்மையே பார்த்தால்
அது றால்.

இனிச் சொல்லுறதை ரெண்டுதரம் கேளும்.
அத்தாங்கை முன்னால வைச்சீரோ, போச்சுது.
றால் முகத்தைக் காட்டிக்கொண்டு நிக்கும்,
வாலால ஓடும்.
உம்மைப் பார்த்தபடியே பின்னுக்குப் பாயும்,

நீர் வெள்ளிக்கிழமையில மோட்டச்சைக்கிளை
எங்கட படலையில சாத்திப்போட்டு
ஆள் நிக்கிறாவோ எண்டு கேக்கேக்க
நான் பின்வேலிப் பொட்டால போனது போல.
ஓம், வீட்டிலதான் நிண்டனான்.
ஏழு வெள்ளி. அதில ரெண்டுதரம்
கம்பி கொழுவிச் சட்டை கிழிஞ்சது.

புளோறன்ஸ் கட்டாத தவணைக்கு
எங்கள் நாலு பேரையும் பாயில இருத்தி
விளக்கு வைக்கிற நேரம் மட்டும் எழும்ப விடேல்லை நீர்.
அண்டைக்குத் தேத்தண்ணி கேட்டது நினைவிருக்கோ?
சீனி போட்டுத்தான் தந்தனான்.

சரி. உம்மைக் கொம்பனி நிப்பாட்டினதுக்கு
நான் சந்தோசப்படேல்லை எண்டு பொய் சொல்லமாட்டன்.
ஒரு பின்னேரம் சந்தோசப்பட்டனான்.
பேந்து உம்மட மனுசி
சங்கக் கடையில
அரைக் கிலோப் பருப்பைத் திரும்பக் கொட்டச் சொல்லி
கால் கிலோவா வாங்கினதைக் கண்டனான்.

உமலை இடுப்பில இறுக்கிக் கட்டும்.
கொம்பு குத்தும், குத்தினாப் பிறகுதான் பழகும்.
கெளிறு அம்பிட்டால் கையால பிடியாதையும்,
வலையோட உதறும்.
சின்னிவிரலிலும் சின்னனெண்டால் திரும்ப விடும்,
இரக்கத்தில இல்லை,
அதை ஒருத்தரும் காசுக்கு எடாயினம்.

ஓர் இரவுக்கு எவ்வளவு வருமெண்டு கேட்டனீரெல்லே.
சில நாள் மூண்டு கிலோ.
சில நாள் தடிமன்.
கொப்பியில கோடு கீறி எழுதுற வருமானமில்லை இது.
இதைத்தான் அப்பவும் சொன்னனான்,
நீர் மாத வருமானம் எண்ட பெட்டிக்குள்ள
இருபத்தையாயிரம் எண்டு எழுதிப்போட்டு
கையெழுத்துக்குப் பேனை நீட்டினீர்.

பொறும். மெயில் ரயில் வருகுது.
கண்ணை மூடும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால்
பத்து நிமிசத்துக்கு ஒண்டும் தெரியாது.
பாலம் நடுங்கேக்க
தண்ணியும் நடுங்குது, காலில தெரியுதோ?

இப்ப திறவும்.
அந்தா, மூண்டாம் தூணடி.
ரெண்டு சிவப்பு.
மெல்ல.
பின்னால.
பின்னால எண்டெல்லே சொன்னனான்.